யார்க்டவுனிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் வரை

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் கோடைமாளிகையான தரியா தௌலத்தின் மேற்குச் சுவரில் ஒரு போர்க்களம் தீட்டப்பட்டிருக்கிறது. திப்புவும் அவர் தந்தை ஹைதர் அலியும், கட்டம் கட்டி நிற்கும் செஞ்சட்டைச் சிப்பாய்கள், அவர்கள் நடுவே பல்லக்கில் காயத்தோடு அமர்ந்திருக்கும் ஆங்கிலத் தளபதி கர்னல் வில்லியம் பெய்லி. வெடிமருந்து வண்டி ஒன்று தீப்பற்றிச் சிதறுகிறது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் நடந்த போர் இது. ஆங்கிலேயர் எழுத்தில் அந்த ஊர் ‘பொள்ளிலூர்’ ஆனது.

இந்தச் சுவரோவியத்தைப் பார்க்கிறவர்கள் இதை மைசூருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த உள்ளூர்ச் சண்டையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நம் பாடநூல்களும் அப்படித்தான் கற்பிக்கின்றன. மைசூருப் பக்கத்து ராமாபுரம் போன்ற ஒரு சிற்றூரில் படிக்கும் பிள்ளைக்கு அமெரிக்க விடுதலைப் போர் உலக வரலாற்றில் ஒரு பாடம். ஹைதரும் திப்புவும் இந்திய வரலாற்றில் வேறொரு பாடம். இரண்டுக்கும் இடையே கடலும் பல பக்கங்களும் கிடக்கின்றன. ஆனால் புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தபோது அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் அதே பிரிட்டனோடு போரிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு களங்களுக்கும் லண்டனில் ஒரே அமைச்சரவை முடிவெடுத்தது. இரண்டு களங்களுக்கும் பாரிஸிலிருந்து ஒரே அரசு உதவி அனுப்பியது. அமெரிக்கா விடுதலை பெற்றதும் மைசூர் விடுதலை இழந்ததும் ஒரே வரலாற்றின் இரண்டு முனைகள் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேயிலைக்கு முன்னால்

அமெரிக்கப் புரட்சியின் தொடக்கமாக எல்லோரும் நினைவுகூர்வது 1773 டிசம்பர் 16 இரவு. பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களில் ஏறிய குடியேறிகள் 342 தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள். அந்தத் தேயிலை சீனாவில் விளைந்தது. ஆனால் அதன் உரிமையாளர் சென்னையையும் கல்கத்தாவையும் ஆண்டுகொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனியின் கிடங்குகளில் விற்காமல் குவிந்த தேயிலையை அமெரிக்கச் சந்தையில் தள்ளுவதற்காகவே அந்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தேயிலைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது.

கம்பெனி ஏன் அவ்வளவு முடையில் இருந்தது? 1765இல் வங்காளத்தின் வரிவசூல் உரிமை கைக்கு வந்ததும் அதன் பங்குகளின் விலை லண்டனில் ஏறியது. அந்த நம்பிக்கையை முதலில் உலுக்கியது மைசூர். 1767இல் தொடங்கிய முதல் மைசூர்ப் போரின் முடிவில் ஹைதர் தன் குதிரைப்படையோடு சென்னையின் வாசலுக்கே வந்து, 1769 ஏப்ரலில் கம்பெனியைச் சமாதானத்துக்குப் பணியவைத்தார். தெற்கே ஆபத்து என்ற செய்தி 1769 மே மாதம் லண்டனை எட்டியபோது கம்பெனிப் பங்குகள் சரிந்தன. அடுத்து வங்காளத்துப் பெரும் பஞ்சம் வந்தது. 1772இல் ஐரோப்பாவில் கடன் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. கம்பெனி அரசாங்கத்திடம் கையேந்தியது. 1773இல் 14 லட்சம் பவுண்டு கடன் பெற்றது. கடனோடு வந்தவைதான் ஒழுங்குமுறைச் சட்டமும் தேயிலைச் சட்டமும்.

பாஸ்டன் தேயிலைக் கலகத்துக்கு ஹைதர்தான் காரணம் என்று சொல்வது மிகை. வங்காளப் பஞ்சமும் கம்பெனி அதிகாரிகளின் கொள்ளையும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆனால் கம்பெனியின் வருமானம் இந்திய மண்ணில் எவ்வளவு நிலையற்றது என்பதை லண்டன் முதலாளிகளுக்கு முதன்முதலில் உணர்த்தியது மைசூர்க் குதிரைகளின் குளம்படி. அந்த நிலையின்மையின் சுமை கடைசியில் அமெரிக்கக் குடியேறிகளின் தேநீர்க் கோப்பையில் போய் இறங்கியது.

மாஹியில் பற்றிய தீ

1769 உடன்படிக்கையில் முக்கியமான ஒரு வாக்கு இருந்தது: ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணைக்கு வரவேண்டும். அடுத்த ஆண்டுகளில் மராட்டியர் மைசூர்மேல் படையெடுத்தபோது ஹைதர் கேட்டும் கம்பெனி வரவில்லை. அந்த வஞ்சத்தை ஹைதர் மறக்கவில்லை.

1778 பிப்ரவரி 6 அன்று பிரான்ஸ் அமெரிக்காவோடு கூட்டணி ஒப்பந்தம் செய்துகொண்டது. அதனால் பிரிட்டனும் பிரான்ஸும் போரில் இறங்கின. அந்தப் போர் அட்லாண்டிக் கடலோடு நிற்கவில்லை. சில மாதங்களிலேயே கம்பெனிப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. அக்டோபரில் ஊர் சரணடைந்தது. 1779 மார்ச்சில் மலபார்க் கரையில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹியையும் கம்பெனி பிடித்தது. மாஹி ஹைதரின் பாதுகாப்பில் இருந்த இடம். மைசூருக்கு வேண்டிய ஆயுதங்களும் வெடிமருந்தும் வந்திறங்கிய வாசல். அதைத் தொடவேண்டாம் என்று ஹைதர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். கம்பெனி கேட்கவில்லை.

அமெரிக்காவுக்காகப் பிரான்ஸ் போரில் இறங்கியிராவிட்டால் 1779இல் மாஹி தாக்கப்பட்டிருக்காது. மாஹி விழாமல் இருந்திருந்தால் ஹைதர் அந்த நேரத்தில் செங்கம் கணவாய் வழியே இறங்கியிருக்க மாட்டார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவருக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் 1780 ஜூலையில் சுமார் எண்பதாயிரம் பேர் கொண்ட படையோடு அவர் ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியபோது, அமெரிக்க விடுதலைப் போர் தமிழ் மண்ணுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

இரண்டு மாதத்தில் புள்ளலூர். சுமார் 3,800 பேர் கொண்ட பெய்லியின் படை அங்கே ஒழிந்தது. மைசூரின் இரும்புக் குழாய் வாணங்கள் வெடிமருந்து வண்டிகளைப் பற்றவைத்ததே தோல்வியைத் துரிதப்படுத்தியது என்று அக்களத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். சில கல் தொலைவில் பெரும்படையோடு நின்ற ஹெக்டர் மன்றோ உதவிக்கு வராமல், பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் போட்டுவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். நவம்பரில் ஆற்காடு ஹைதரிடம் வந்தது. பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782இல் இறந்தார்.

ஒரே துறைமுகம், இரண்டு கடல்கள்

1781 மார்ச் 22 அன்று பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து ஒரு பெரும் கப்பற்படை புறப்பட்டது. தளபதி கோம்த் தெ கிராஸ். அதே நாளில் அதே படையோடு சேர்ந்து சுஃப்ரென் என்ற தளபதியின்கீழ் ஐந்து போர்க்கப்பல்களும் கிளம்பின. சில நாள் ஒன்றாக ஓடிய பின் இரண்டும் பிரிந்தன. தெ கிராஸ் மேற்கே திரும்பி மேற்கிந்தியத் தீவுகளுக்கும் பிறகு அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்கும் போனார். சுஃப்ரென் தெற்கே திரும்பி நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு சோழமண்டலக் கரைக்கு வந்தார்.

தெ கிராஸின் கப்பல்கள் செசபீக் வாயை அடைத்ததால்தான் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் பிரபு சிக்கினார். கடல்வழி உதவி வராமல், 1781 அக்டோபர் 19 அன்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு சரணடைந்தார். அமெரிக்காவில் பெரும்போர் அதோடு முடிந்தது. இந்தியக் கடலில் சுஃப்ரெனின் போர் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. 1782இல் சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை என நான்கு இடங்களில் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் கப்பல்களோடு மோதினார். அந்த ஆண்டு பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கிக் கடலூரைப் பிடித்தது. ஜூலையில் கடலூர்ப் பக்கம் ஹைதரும் சுஃப்ரெனும் நேரில் சந்தித்தார்கள்.

மேற்கே போன படைக்கு வெற்றிச்சிலை கிடைத்தது. அதன் பெயர் ஐக்கிய அமெரிக்க நாடுகள். தெற்கே வந்த படையின் கதை நம் ஊர்களிலேயே நமக்குத் தெரியாமல் கிடக்கிறது. ஒரே போரின் ஒரு கை அமெரிக்காவைத் தூக்கிவிட்டது. மறு கை மைசூரைப் பாதிவழியில் விட்டது. அது எப்படி நடந்தது என்பதற்கு முன், அந்த நாட்களில் அமெரிக்கர் மைசூரை எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்லவேண்டும்.

டெலவேரில் ஒரு ‘ஹைதர் அலி’

1782 வசந்தத்தில் பென்சில்வேனிய வணிகர்கள் டெலவேர் விரிகுடாவில் தங்கள் சரக்குக் கப்பல்களைப் பாதுகாக்க ஒரு கப்பலுக்கு ஆயுதம் பூட்டினார்கள். பதினாறு பீரங்கிகள் கொண்ட அந்தக் கப்பலின் பெயர் ‘ஹைதர் அலி’. தலைவர் ஜோஷுவா பார்னி, வயது 22. ஏப்ரல் 8 அன்று தன்னைவிட வலுவான பீரங்கிகள் கொண்ட ‘ஜெனரல் மங்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பலை அரைமணி நேரத்துக்குள் பிடித்தது ‘ஹைதர் அலி’. புரட்சிக் காலக் கவிஞர் பிலிப் ஃப்ரெனோ அதைப் பாடினார்.

பார்னிக்கோ அந்த வணிகர்களுக்கோ மைசூரைப் பற்றி அதிகம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிரிட்டனைத் தோற்கடித்த ஒரு கீழ்த்திசை மன்னர் இருக்கிறார் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஹைதரும் அமெரிக்க விடுதலைக்காகப் போரிடவில்லை; தன் அரசுக்காகப் போரிட்டார். ஆனாலும் தங்கள் பகைவனின் பகைவனுக்கு ஒரு கப்பலின் பெயரைக் கொடுக்கும் அளவுக்கு அமெரிக்கர் இது ஒரே போர் என்று புரிந்துவைத்திருந்தார்கள். அந்தப் புரிதலை நாம்தான் தொலைத்துவிட்டோம்.

விலை கொடுத்தவர்கள்

மன்னர்களையும் தளபதிகளையும் மட்டும் எண்ணினால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். ஹைதரின் படை சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களைத் திட்டமிட்டு எரித்தது. கம்பெனிப் படைக்கு நெல்லும் மாடும் கிடைக்கக்கூடாது என்பது நோக்கம். கம்பெனியோ தன் படைக்காகவும் நவாபின் கடனுக்காகவும் குடியானவரை ஏற்கெனவே பிழிந்திருந்தது. உழவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள் அரிசிப் படகுகளை மறித்தன. 1782இல் சென்னையில் பஞ்சம் வந்தது.

அந்தப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் வடசென்னையின் மணியக்காரர் சத்திரம். அதிலிருந்து வளர்ந்த மருத்துவமனைதான் இன்றைய ஸ்டான்லி. பழைய சென்னைவாசிகள் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொன்னார்கள். அமெரிக்க விடுதலைப் போரின் நினைவுச்சின்னம் ஒன்று சென்னையில் இருக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். அது இந்தப் பெயரில்தான் இருக்கிறது.

கடலூரில் முடிந்த போர்

1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே பாசறையில் ஹைதர் இறந்தார். திப்பு பொறுப்பேற்றார். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1783 மார்ச்சில் புதிய படையோடு வந்து இறங்கினார். ஜூனில் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை கடலூரை முற்றுகையிட்டது. ஜூன் 13 அன்று கடலூரின் மதிலுக்கு வெளியே கடும் போர். ஜூன் 20 அன்று கடலில் சுஃப்ரெனும் ஹியூஸும் ஐந்தாம் முறையாக மோதினார்கள். ஜூன் 25 அன்று பிரெஞ்சுப் படை வெளியே வந்து தாக்கித் தோற்றது.

இதில் மாண்டவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிரிட்டனும் பிரான்ஸும் 1783 ஜனவரி 20 அன்றே சமாதானத்துக்கு முதற்கையெழுத்து இட்டுவிட்டன. அமெரிக்கர் அதற்கும் முன்பே, 1782 நவம்பரில் இட்டிருந்தார்கள். செய்தி கடல் கடந்து வர ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடியோடு ஒரு ஆங்கிலக் கப்பல் கடலூருக்குச் செய்தி கொண்டுவந்தது. அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிக் குண்டுகளில் சில கடலூரில் வெடித்தன என்று சொல்வது உண்மைக்குப் புறம்பல்ல.

செய்தி வந்ததும் புஸ்ஸி போரை நிறுத்தினார். அப்போது மங்களூரை முற்றுகையிட்டுக்கொண்டிருந்த திப்புவோடு நின்ற பிரெஞ்சு வீரர்களுக்கும் விலகும்படி கட்டளை போனது. மைசூரிடம் யாரும் கேட்கவில்லை. செப்டம்பர் 3 அன்று பாரிஸிலும் வெர்சாயிலும் இறுதி உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. அமெரிக்காவுக்கு விடுதலை, பிரான்ஸுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் மாஹியும் திரும்பக் கிடைத்தன. மைசூருக்கு அங்கே நாற்காலி இல்லை. தனியே நின்ற திப்பு தன் பலத்தாலேயே மங்களூரைப் பணியவைத்து, 1784 மார்ச் 11 அன்று கம்பெனியோடு சமமான நிலையில் உடன்படிக்கை செய்தார். அதன்பின் அப்படி ஒரு வாய்ப்பு அவருக்கு வரவில்லை.

தோற்றவர்கள் திரும்பிய திசை

அமெரிக்காவை இழந்த பிரிட்டனின் தளபதிகள் எங்கே போனார்கள்? வரிசையாகப் பார்த்தால் வியப்பு வரும்.

ஆர்ச்சிபால்ட் கேம்பெல்: 1776இல் பாஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்கரிடம் சிறைப்பட்டவர், 1778இல் சவானாவைப் பிடித்தவர். 1786 முதல் சென்னை ஆளுநர். வில்லியம் மெடோஸ்: 1777இல் பிராண்டிவைனில் காயம்பட்டவர். 1790இல் சென்னை ஆளுநராக இருந்தபடி திருச்சிராப்பள்ளியிலிருந்து திப்புவின்மேல் முதல் படையெடுப்பை நடத்தினார். ராபர்ட் அபர்குரோம்பி: யார்க்டவுன் முற்றுகையில் அமெரிக்கர் பீரங்கிகள்மேல் கடைசித் தாக்குதலை நடத்தியவர். 1792இல் மலபாரிலிருந்து குடகு வழியே ஏறி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்தார்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே கார்ன்வாலிஸ். யார்க்டவுனில் சரணடைந்து ஐந்தே ஆண்டில், 1786இல், இந்தியாவின் தலைமை ஆளுநரானார். 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம்வரை போய், மழையாலும் மாடுகள் மடிந்ததாலும் பீரங்கிகளை உடைத்துப்போட்டுத் திரும்பினார். 1792 பிப்ரவரியில் மீண்டும் வந்தார். இம்முறை யார்க்டவுனில் அவர் பட்ட பாட்டை ஸ்ரீரங்கப்பட்டணம் பட்டது: சுற்றிலும் பகைவர், உதவிக்கு யாரும் இல்லை.

யார்க்டவுனில் சரணடையும் சடங்குக்கு உடல்நலமில்லை என்று கார்ன்வாலிஸ் வரவில்லை, துணைத்தளபதியை அனுப்பினார். 1792 பிப்ரவரி 26 அன்று தன் கூடாரத்துக்கு வெளியே அவரே வந்து நின்றார். திப்புவின் இரு சிறு மகன்கள் பிணைகளாக அவர் கையில் ஒப்படைக்கப்பட்டார்கள். மார்ச்சில் கையெழுத்தான உடன்படிக்கையில் மைசூர் தன் நிலத்தில் பாதியை இழந்தது; 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் கட்டியது. பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் மலபாரும் கம்பெனியிடம் போயின. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்துக் குடியானவர் பிரிட்டிஷ் வரிக்கணக்கில் ஏறியது அன்றுதான். அங்கேதான் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும், உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

சென்னையில் கார்ன்வாலிஸுக்குச் சிலை வைத்தார்கள். இன்று அது கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் பீடத்தில் செதுக்கியிருப்பது திப்புவின் பிள்ளைகள் ஒப்படைக்கப்படும் காட்சி. யார்க்டவுனின் அவமானத்தை மறக்கப் பேரரசுக்கு அந்தப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கார்ன்வாலிஸ் அமெரிக்காவிலிருந்து ஒரு பாடமும் கொண்டுவந்தார் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகிறார்கள். அந்த மண்ணிலேயே வேர்விட்டு, ஒருநாள் பேரரசை எதிர்க்கும் குடியேறிய வர்க்கம் இந்தியாவில் உருவாகக்கூடாது என்பதே அந்தப் பாடம். இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தவர்களைக் கம்பெனியின் உயர்பணிகளிலிருந்து 1791இல் விலக்கியதும், இந்தியரை மேல்பதவிகளிலிருந்து ஒதுக்கியதும் அவர் ஆட்சியில்தான். அமெரிக்கா பெற்ற விடுதலை நம் அடிமைத்தனத்தை இறுக்கிய விதம் இது.

முடிவு 1799 மே 4. திப்பு தன் கோட்டையின் வாசலிலேயே இறந்தார். முற்றுகையிட்ட படையின் தலைவர் ஜார்ஜ் ஹாரிஸ், 1775 ஜூன் 17 அன்று பாஸ்டன் அருகே பங்கர் ஹில்லில் தலையில் குண்டடி பட்ட அதே ஹாரிஸ். அமெரிக்கப் புரட்சியின் முதல் பெரும்போரில் விழுந்த மனிதர், இருபத்துநான்கு ஆண்டுக்குப் பிறகு மைசூரின் கடைசிப் போரில் வென்று நின்றார்.

வாணம் போன வழி

ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பின் மைசூர் வாணங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அவற்றைப் பின்பற்றி வில்லியம் காங்கிரீவ் புதிய ராக்கெட்டுகளை உருவாக்கினார். 1814இல் பிரிட்டன் மீண்டும் அமெரிக்காவோடு போரிட்டபோது அந்த ராக்கெட்டுகள் அட்லாண்டிக்கைக் கடந்தன. ஆகஸ்ட் 24 அன்று வாஷிங்டன் நகருக்கு அருகே பிளேடன்ஸ்பர்க்கில் அவை சீறி வந்ததும் அமெரிக்க ஊர்க்காவல் படை சிதறி ஓடியது. நின்று போரிட்டவர்கள் சில நூறு கடற்படையினர். அவர்கள் தலைவர் அங்கே காயம்பட்டு விழுந்தார். அவர் ஜோஷுவா பார்னி. முப்பத்திரண்டு ஆண்டுக்கு முன் ‘ஹைதர் அலி’ கப்பலைச் செலுத்திய அதே பார்னி. அடுத்த மாதம் பால்டிமோரில் அதே ராக்கெட்டுகளைப் பார்த்து எழுதப்பட்ட பாடலே இன்று அமெரிக்காவின் தேசிய கீதம்.

ஹைதரின் பெயரைத் தாங்கி வென்றவர், ஹைதரின் படையிலிருந்து பிறந்த ஆயுதத்தின் முன் வீழ்ந்தார். பேரரசு தான் வென்றவர்களின் அறிவையும் எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கையில் ஒரு தீர்ப்புக்கு வரலாம். அமெரிக்கரின் விடுதலையை அமெரிக்கரே போராடிப் பெற்றார்கள். அதை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் போரின் செலவில் ஒரு பங்கைப் புள்ளலூரும் கடலூரும் நாகப்பட்டினமும் ஸ்ரீரங்கப்பட்டணமும் கட்டின. வரவு முழுவதும் ஒரு கரையில் எழுதப்பட்டது. பற்று மறு கரையில் எழுதப்பட்டு மறக்கப்பட்டது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ராமாபுரத்துப் பிள்ளையானாலும் கடலூர்ப் பிள்ளையானாலும், அமெரிக்க விடுதலைப் போரைக் கற்பிக்கும் நாளில் அதே பலகையில் ஹைதரின் பெயரையும் எழுதுங்கள். பிரெஸ்ட்டிலிருந்து ஒரே நாளில் புறப்பட்ட இரண்டு கப்பற்படைகளின் வழியையும் வரைந்து காட்டுங்கள். அவற்றில் ஒன்று நம் கரைக்குத்தான் வந்தது.